கையும் வாயும்: தொடக்கநிலை வகுப்பறையில் செயல்வழிக் கற்றல் நடந்து வந்த வழி

சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் நடந்த ஒரு தமிழ்ப் பாடத்தைப் பின்வரிசையில் அமர்ந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அன்றைய நடவடிக்கை காகிதப் படகு செய்தல். ஆசிரியர் பல வண்ணத் தாள்களைக் கொடுத்தார். ஒவ்வொரு மடிப்பையும் தாமே செய்து காட்டினார். பிள்ளைகள் தலை நிமிராமல் செய்தார்கள். முடிவில் ஒரு தொட்டி நீரில் இருபதுக்கு மேற்பட்ட படகுகள் மிதந்தன. வகுப்பில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை.

அருகில் இருந்த சிறுவனிடம், "தம்பி, இந்தப் படகை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம். அவன் படகைக் கையில் எடுத்து, மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, "இங்க ஃபோல்ட் பண்ணேன், சார். அப்புறம் இப்படி ஃபோல்ட் பண்ணேன். அப்புறம் ஓப்பன் பண்ணேன்" என்றான். அவன் கை செய்தது பிழையற்ற வேலை. அரை மணி நேரம் நடந்த அந்தத் தமிழ்ப் பாடத்தில், படகு என்னும் பெயர்ச்சொல்லைத் தவிர அவன் வாய்க்குப் புதிதாக ஒரு தமிழ்ச் சொல்லும் வந்து சேரவில்லை.

அந்த ஆசிரியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாமும் பல்லாண்டுகள் இத்தகைய பாடங்களைப் பாராட்டியே வந்துள்ளோம். ஆயினும் அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்தது. கையால் செய்து கற்பது தமிழ்க் கல்விக்குப் புதிதா? புதிதன்று எனில், முன்னாளில் அக்கையோடு வாய் எவ்வாறு சேர்ந்திருந்தது? எப்போது பிரிந்தது? இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண முயல்கிறது.

மணலும் ஓலையும்

திண்ணைப் பள்ளி என்றதும் மனப்பாடம் என்னும் சொல்லே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அது பாதி உண்மை. பிள்ளை எழுத்தைக் கற்கத் தொடங்கியது மணலில். தரையில் பரப்பிய மணலில் ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பார். விரல் வளையும்போதே வாய் 'ஆனா, ஆவன்னா' என்று அவ்வெழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். எழுதியதை அழித்து மீண்டும் எழுதுவதற்குச் செலவு எதுவும் இல்லை. மணலில் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வந்தன. இன்றும் விசயதசமி நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியிலோ நெல்லிலோ எழுத வைக்கும் வழக்கம் அம்முறையின் எச்சமாக நம்மிடையே நிலவுகிறது.

கணக்கிலும் இதே நிலைதான். எண்சுவடியின் வாய்பாடுகளைப் பிள்ளைகள் ஒருவர் சொல்லப் பிறர் திருப்பிச் சொல்லி நெஞ்சில் பதித்தனர். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னங்களை எழுத்தின்றி வாயாலேயே பெருக்கவும் கூட்டவும் அவர்களால் முடிந்தது. இச்சொற்கள் வெறும் ஒலிகளாக நிற்கவில்லை. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று பிள்ளை ஓதிய அளவுகள் யாவும் அவன் வீட்டு முற்றத்திலும் களத்துமேட்டிலும் கண்ணெதிரே அளக்கப்பட்டவை. புளியங்கொட்டையும் சோழியும் எண்ணுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. பல்லாங்குழி ஆடிய சிறுமி குழிக்குக் குழி காய்களைப் பகிர்ந்து இட்டபோது, வகுத்தலின் அடிப்படையைக் கையால் பழகினாள்.

இதனைச் சொல்லும்போது அப்பள்ளிகளைப் பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது. பிரம்படியும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் அங்கே இருந்தன. பெண்பிள்ளைகளில் மிகப் பலருக்கும், தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடமே இல்லை. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தோர் அக்காலக் கல்வியின் கடுமையையும் அறிவர். அதன் வலிமையையும் அறிவர். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கை ஒன்றைச் செய்யும்போது வாய் அதனைச் சொல்லியது. இரண்டும் ஒரே வேளையில் ஒரே வேலையில் ஈடுபட்டன.

கடல் கடந்த மணல்

இம்மணல் எழுத்துக்கு ஓர் உலக வரலாறும் உண்டு. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியே இம்முறை இங்கிலாந்தில் பரவி, 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அச்சென்னைக்கே வேறொரு கல்வியாளர் வந்தார். 1907-இல் உரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் 1946 வரை அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் வகுத்த கருவிகளுள் பெரிதும் அறியப்பட்டவை உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். குழந்தை அச்சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவும். தடவும்போதே அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லும். திண்ணைப் பள்ளியைக் கண்டு அவர் இதனை அமைத்தார் என்று நாம் கூற வரவில்லை. அவர் தம் சொந்த ஆய்வின் வழியே அம்முடிவை எட்டினார். தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்பதே நமக்குப் பாடம். விரலோடு ஒலி சேர்ந்தால் எழுத்து குழந்தைக்கு உரியதாகிறது.

நம் வட்டாரத்தில்

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் அமைந்த தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுவது மரபு. சிங்கப்பூரில் 1834-இல் தொடங்கிய இலவசப் பள்ளியிலும் தமிழ் கற்பிக்கப்பட்டு, விரைவில் நின்றுபோயிற்று. தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்குத் தோட்டத் தொழிலே காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியை உருவாக்கியது, ஆசிரியரை உருவாக்கவில்லை. கங்காணியும் தோட்டத்துக் கிராணியும் பாடம் நடத்திய பள்ளிகள் பல.

நாம் படித்ததும் ஜொகூரில் அத்தகைய ஒரு தோட்டத்துப் பள்ளியிலேதான். 1960-களின் நடுவில் அங்கே பயிற்றுக்கருவி என்று சொல்லத்தக்க பொருள் ஏதும் இல்லை. கூட்டல் கழித்தலுக்கு எங்கள் ஆசிரியர் ரப்பர் விதைகளைப் பொறுக்கி வரச் சொல்வார். பளபளவென்று புள்ளியிட்ட அவ்விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, "குவித்தேன், எடுத்தேன், மிச்சம் வைத்தேன்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். கூட்டு, கழி, பகிர், மீதி ஆகிய சொற்களை நாம் பாடநூலில் படிக்கும் முன்பே எங்கள் உள்ளங்கை அறிந்திருந்தது. பிற்காலத்தில் நாம் மொழியியல் பயின்று வினைச்சொற்களை ஆராயப் புகுந்தபோது, அக்குரல்கள் பலமுறை காதில் ஒலித்ததுண்டு.

பின்னர்க் கை மெல்ல மெல்லப் பாடத்திலிருந்து விலகியது. ஓலையும் சிலேட்டும் போய் ஏடும் பயிற்சிநூலும் வந்தன. இவை வேண்டாதவை என்று எவரும் சொல்லார். எனினும், தேர்வு எழுத்தில் நடந்தமையால் பாடமும் எழுத்தைச் சுற்றியே அமைந்தது. கோடிட்ட இடத்தை நிரப்புவதே கைக்கு எஞ்சிய வேலை.

சிங்கப்பூரில் மற்றொரு பெரிய மாற்றமும் நேர்ந்தது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டதோடு தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் காலம் முடிவுற்றது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. தமிழ் ஒரு பாடமாக நிலைபெற்றது. இதன் விளைவை வரலாற்று நோக்கில் உணர வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளை கணக்கில் அளந்ததும், அறிவியலில் விதை ஊன்றியதும், கைவினையில் வெட்டி ஒட்டியதும் தமிழிலேயே நடந்தன. செயல்கள் எல்லாம் தமிழ் வினைச்சொற்களைத் தாமாகவே கற்பித்தன. இன்று அளத்தல், ஊன்றுதல், ஒட்டுதல் ஆகிய எல்லாச் செயல்களும் பிற பாடங்களில் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. வீட்டு நிலையும் மாறியுள்ளது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர்; 2020-இல் 2.5 விழுக்காட்டினர். பிள்ளை தமிழில் ஒரு செயலைச் செய்யும் இடமாகப் பலருக்குத் தமிழ் வகுப்பு ஒன்றே எஞ்சி நிற்கிறது.

கை மீண்டது

இதற்கிடையே, செயல்வழிக் கற்றல் பல வாயில்கள் வழியே பள்ளிக்குள் மீண்டும் நுழைந்தது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. தக்களியில் நூல் நூற்கும் பிள்ளை அந்நூலின் வழியே கணக்கையும் வரலாற்றையும் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. மலேசியாவில் 1983-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய அடிப்படைத் திறன்களை முதன்மைப்படுத்தி, மாணவரை நடுவாகக் கொண்ட நடவடிக்கைகளுக்கு இடம் தந்தது. தமிழ்நாட்டில், ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தின் பட்டறிவைப் பின்பற்றி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலமெங்கும் விரிந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாயிற்று; பிள்ளை தன் ஏணியில் தானே படியேறியது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது.

சிங்கப்பூரில் 2005-இல் வெளியான தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இப்பரிந்துரை மீண்டுவந்த கைக்கு வாயைத் துணை சேர்க்கும் வழியைத் திறந்தது என்று நாம் கருதுகிறோம். ஆயினும் நடைமுறையில் கை விரைவாக வந்துவிட்டது. வாய் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. நாம் கண்ட காகிதப் படகு வகுப்பு அதற்குச் சான்று.

வினைச்சொல்லின் வாயில்

இனி, நாம் பயின்ற துறையிலிருந்து ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். செயல் நடக்கும் வகுப்பு தமிழ் இலக்கணத்தின் ஒரு பெரும் பகுதியைக் கற்பிக்க மிக ஏற்ற இடம். அப்பகுதி தன்வினையும் பிறவினையும் ஆகும்.

குவளை நிரம்பியது, நான் நிரப்பினேன். தாள் மடங்கியது, நான் மடக்கினேன். பம்பரம் சுழன்றது, நான் சுழற்றினேன். பந்து உருண்டது, நான் உருட்டினேன். ஆங்கிலத்தில் இத்தகைய இடங்கள் பலவற்றில் ஒரே வினைச்சொல் இரு பொருளுக்கும் நிற்கும். தமிழில் பொருள் தானே அடையும் மாற்றத்துக்கு ஒரு வடிவம். நாம் அதனைச் செய்வதற்கு மற்றொரு வடிவம். இதில் ஓர் ஒலி ஒழுங்கும் உண்டு. நிரம்பு, திரும்பு, மடங்கு, கலங்கு ஆகியவற்றில் உள்ள மெல்லினம், நிரப்பு, திருப்பு, மடக்கு, கலக்கு ஆகியவற்றில் வல்லினமாகிறது. உடைந்தது, கரைந்தது, நனைந்தது என்பவை உடைத்தேன், கரைத்தேன், நனைத்தேன் என்றாகும்போதும் காது அதே மாற்றத்தை உணரும். இலக்கணப் பெயர் எதையும் சொல்லாமலே எட்டு வயதுப் பிள்ளை இவ்வொழுங்கைப் பிடித்துக்கொள்ளும். கைக்குள் பொருள் இருந்தால் போதும்.

இப்போது அந்தச் சிறுவனின் விடைக்குத் திரும்புவோம். "ஃபோல்ட் பண்ணேன்" என்றான். தாள் தானே மடங்கியிருந்தால் "ஃபோல்ட் ஆச்சு" என்றிருப்பான். ஆகவே, தானே நிகழ்வதற்கும் நாம் செய்வதற்கும் உள்ள வேறுபாடு அவன் உள்ளத்தில் இருக்கிறது. பண்ணு, ஆகு என்னும் இரு துணைவினைகள் அதனைக் காத்து நிற்கின்றன. தமிழின் வாக்கிய அமைப்பு அவனிடம் உயிரோடு உள்ளது. அதில் வந்து அமர வேண்டிய சொற்களே இல்லை. கீரையை அரிவதும், காயை நறுக்குவதும், தாளைக் கத்தரிப்பதும், நகத்தை வெட்டுவதும், தளிரைக் கிள்ளுவதும் அவனுக்குக் 'கட் பண்ணு' என்னும் ஒன்றாகிவிட்டன. ஒரு தலைமுறைக்குள் இத்தனை சொற்கள் ஒன்றுக்குள் அடங்கிவிடுவது எளிய இழப்பன்று. அதே வேளையில், அமைப்பு அழியாதிருப்பதால் இவ்விழப்பு மீட்கத்தக்கது என்றும் நாம் உறுதியாக நம்புகிறோம்.

இரண்டு கேள்விகள்

மீட்பதற்குப் பெருஞ்செலவான கருவிகள் வேண்டா. ஒரு நடவடிக்கையைத் திட்டமிடும் ஆசிரியர், அதற்கு வேண்டிய தாள், பசை, கத்தரிக்கோல் ஆகியவற்றைப் பட்டியலிடும்போதே, அதற்கு வேண்டிய நான்கைந்து வினைச்சொற்களையும் பட்டியலிட்டுக்கொள்ளலாம். செய்து காட்டும்போது கையோடு சொல்லும் நடக்கட்டும்: தாளை மடிக்கிறேன், விளிம்பை நீவுகிறேன், மூலையைத் திருப்புகிறேன், உள்ளே விரலை விட்டு விரிக்கிறேன். பிள்ளைகளும் செய்துகொண்டே சொல்லட்டும். வகுப்பில் ஒலி மிகும்; அவ்வொலி நமக்கு வேண்டிய ஒலி.

செயலின் நடுவிலும் முடிவிலும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, "என்ன செய்தாய்?" இரண்டாவது, "என்ன ஆயிற்று?" முதற்கேள்விக்குப் பிறவினையில் விடை வரும், இரண்டாவதற்குத் தன்வினையில் விடை வரும். உப்பை நீரில் கரைத்தேன், உப்பு கரைந்தது. படகை நீரில் விட்டேன். படகு மிதந்தது, நனைந்தது, மூழ்கியது. பேச்சுத்தமிழில் கேட்பதாயின், "என்ன செஞ்சே? என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். "கரைச்சேன், கரைஞ்சுது" என்று பிள்ளை விடை கூறினால் அதை மனமுவந்து ஏற்க வேண்டும். எழுத்துவடிவம் அதன் மீது பின்னர் எளிதாக அமரும்.

மூன்றாவதாக, செய்த முறையை ஒரே மூச்சில் சொல்லச் செய்யலாம். தொட்டியில் மண்ணை நிரப்பி, விரலால் குழித்து, விதையை ஊன்றி, மூடி, நீர் தெளித்து வைத்தோம் என்று பிள்ளை சொல்லும்போது வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. நீண்ட தமிழ் வாக்கியத்தின் இயல்பான நடையே இதுதான். செய்த வரிசை நினைவில் இருப்பதால் வாக்கிய வரிசையும் தடுமாறாது. எழுதும் பயிற்சி இதன்பின் வந்தால், ஏட்டின் முன் பிள்ளை வெறுமனே அமர்ந்திருக்காது.

ஆசிரியப் பணிக்குப் பயின்று வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி சமையலறையில் வழங்கும் வினைச்சொற்களையும், தாத்தா தம் தொழிலில் வழங்கிய வினைச்சொற்களையும் கேட்டு எழுதி வையுங்கள். புடைத்தல், கொழித்தல், சலித்தல், ஆய்தல், உருவுதல், தாளித்தல் என்று அவை நீண்டு செல்லும். அகராதியில் அவை கிடைக்கும். எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்னும் பழக்கம் அவர்கள் கையில்தான் கிடைக்கும்.

தமிழில் ஒன்றை முயன்று அறிவதற்கு நாம் வழங்கும் துணைவினை 'பார்' என்பது. தொட்டுப் பார், சுவைத்துப் பார், எண்ணிப் பார், செய்து பார் என்கிறோம். கண்ணால் காண்பதைக் குறித்த சொல், பிற புலன்களாலும் கையாலும் அறிவதற்கு இங்கே பொதுவாயிற்று. இவ்வழக்கைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பதற்கும் ஒரு காகிதப் படகு போதும். அடுத்த முறை அப்படகு நீரில் இறங்கும்போது, அதனைச் செய்த பிள்ளையிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.